கைப்பிடி இல்லாத நாற்காலி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு நாற்காலி கிடக்கிறது. உயரமான முதுகு, கடைந்தெடுத்த கால்கள், ஒரே ஆள் பல வருஷம் உட்கார்ந்து மெருகேறிய பலகை. எல்லாம் சரியாக இருக்கும், கைப்பிடிகள் மட்டும் இருக்காது. அவை இருந்த இடத்தில் ரம்பம் போன தடம் வெளிறித் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளுக்கும் இடம் தேடி, கிடைக்காமல், மடியில் வைத்துக்கொள்வார்கள். பிறகு, "ஏனுங்க டீச்சர், நல்ல சேருங்களே, ஆசாரியக் கூப்பிட்டு ரெண்டு கை வெச்சா என்னங்க?" என்பார்கள். ஒடிந்துபோனது என்று நினைப்பு. ஒடியவில்லை, ஆள் கூப்பிட்டு அறுத்தது. அறுத்த கைகளில் ஒன்று இன்றைக்கும் மாட்டுக்கொட்டகைக் கதவுக்குத் தாழ்க்கட்டையாக இருக்கிறது.

அந்த நாற்காலி என் மாமனாருடையது. எல்லைக்கு மலையாளப் பக்கத்து எருத்தேன்பதியில் தென்னையும் நிலக்கடலையும் போட்ட விவசாயி. ஊருக்கோ அவர் அருமைக்காரர். எங்கள் கல்யாணங்களில் சீர்களையெல்லாம் முன்நின்று நடத்தித் தர ஒரு பெரியவர் வேண்டும். அவரைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் அரிசி தூவி வாழ்த்தினால்தான் பெண்ணைப் பெற்றவர்களுக்கு மனசு ஆறும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எல்லை தாண்டினால் பொள்ளாச்சி என்று எங்கே முகூர்த்தம் என்றாலும் கார் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் மரியாதை வைத்துவிட்டால் அவரை ஒரு துரும்பை எடுத்துப் போட விடமாட்டோம். அதுதான் எங்கள் குணம், கோளாறும் அதுதான். அருமைக்காரர் காரிலிருந்து இறங்கினால் ஒருவர் கதவைப் பிடிப்பார், ஒருவர் பையை வாங்கிக்கொள்வார், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வார். சீர் செய்யக் கீழே உட்காரும்போது தோளைப் பிடிக்க ஆள், எழும்போது கைத்தாங்கலாகத் தூக்கிவிட ஆள். செருப்பைக்கூடக் கால் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு அந்தக் கவனிப்பில் பாதி கிடைத்தால் பெரிய விஷயம்.

அறுபதைத் தாண்டிய கொஞ்ச நாளில் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய், அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்தோம். சில வாரம் ஓய்வு, பிறகு தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் எல்லோர் காதிலும் முதல் பாதி மட்டும் விழுந்தது. தோட்டத்துக்குப் போகக்கூடாது, மோட்டார் போடக்கூடாது, ஒரு குடம் தண்ணீர் தூக்கக்கூடாது. முட்டையை நிறுத்தினோம், கோழியை நிறுத்தினோம், தயிர் கொழுப்பு என்று யாரோ சொல்ல அதையும் நிறுத்தினோம். காலையில் இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி கஞ்சி. நாற்காலியை டிவிக்கு எதிரே போட்டோம். அவரும் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டார். இப்படியே வருஷங்கள் போயின.

அவர் நடை மெல்ல மெல்லக் குறைந்ததை யாரும் நோய் என்று பார்க்கவில்லை. "அருமைக்காரரு நடந்து வர்ற நெதானத்தப் பாரு" என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொள்வார்கள். பெரிய மனுஷன் என்றால் அவசரப்படக்கூடாது அல்லவா? கால் தூக்க முடியாமல் தேய்த்துத் தேய்த்து வைத்ததை நாங்கள் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டோம். உடம்பை மறைக்க உடுப்பும் ஒத்துழைத்தது. தொடையை எட்டு முழ வேட்டி மறைத்தது, புஜத்தை முழுக்கைச் சட்டை மறைத்தது. வயிறு மட்டும் குறையவே இல்லை. இடுப்பில் கட்டும் அகலமான பச்சைப் பெல்ட்டைத் தட்டிக் காட்டி, "பாரு அம்மிணி, கல்யாணம் பண்ணுன காலத்துல போட்ட அதே ஓட்டைதான், ஒரு சுத்தும் கொறையல" என்று என்னிடம் பெருமை பேசுவார். நானும் ஆமாங்க மாமா என்பேன். பெல்ட்டுக்கு மேலும் கீழும் என்ன நடக்கிறது என்று பெல்ட்டுக்கு எப்படித் தெரியும்?

வடகரப்பதியில் ஒரு கல்யாணம். சீர் முடிந்து எழுப்பிவிட வழக்கம்போல இரண்டு பேர் கை கொடுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் இழுத்தும் அவர் வரவில்லை. மூன்றாவது ஆள் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். மாமனார் முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கியது. மேளம் நிற்கவில்லை, பந்தி நிற்கவில்லை, யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. காரில் ஏறியதும் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னார்: "காலே இல்லாத மாதிரி இருக்குது சாமி." பின்சீட்டில் நானும் மாமியாரும் இருந்தோம். மாமியார் சட்டென்று முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தொட்டார். நாலு பேர் எதிரில் அவர் புருஷனைத் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, மறுபடி அடைப்புகள் இருக்கின்றன, இந்தத் தடவை நெஞ்சைத் திறந்து பைபாஸ் பண்ணினால்தான் ஆகும் என்றார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எங்களுக்கு விளங்கவில்லை. மாமனாரை ஒரு சாதாரண நாற்காலியில் உட்கார வைத்து, "பெரியவரே, கையைக் கட்டிக்கிட்டு எந்திரிங்க பார்க்கலாம்" என்றார். மாமனார் சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்தார். எழ வரவில்லை. மறுபடி சாய்ந்தார், மறுபடியும் வரவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. பிறகு டாக்டர் தன் கையை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நிலக்கடலை மூட்டையை ஒரே தம்மில் வண்டியில் ஏற்றிய கை என்று ஊரில் சொல்வார்கள். டாக்டர் பிடி போதாது என்று தலையை ஆட்டினார்.

நர்ஸ் பெண் அவரைப் படுக்க வைத்து வேட்டியைத் தொடை வரைக்கும் ஒதுக்கினாள். நான் வெளியே போக நினைத்துத் திரும்புவதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் வீடுகளில் மருமகள் மாமனாரின் முழங்காலைப் பார்க்க மாட்டாள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். முழங்கால் மட்டும் பெரிய உருண்டையாக, மேலும் கீழும் தோலைச் சுற்றி வைத்த குச்சி மாதிரி. அந்த வயிற்றுக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லை. மாமியார் மட்டும் நகராமல் நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசானா எல்லாத்துக்கும் சதை கொஞ்சம் கொஞ்சமாக் கரையுமுங்க. உக்காந்தே இருந்து, கஞ்சியக் குடிச்சுட்டு இருந்தா வேகமாக் கரைஞ்சுரும்" என்றார் டாக்டர். அவர் எங்கள் பேச்சிலேயே பொறுமையாகச் சொன்னார். தின்கிற சோற்றின் சர்க்கரையை வாங்கி எரிப்பதில் பெரும்பங்கு தசைக்குத்தான். அது போனால் சர்க்கரை ரத்தத்தில் தங்கும், கொழுப்பு வயிற்றில் சேரும், ரத்தக்குழாய் கெடும். இதயம் சோர்ந்தால் மனிதன் நடக்க மாட்டான், நடக்காவிட்டால் இருக்கிற சதையும் போகும். "ஒரே வண்டியில பூட்டுன ரெண்டு மாடுங்க. ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு எத்தன நேரம் இழுக்கும்?" பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "ஆபரேஷன நான் பண்ணீருவேன். ஆனா இந்தக் காலோட படுக்க வெச்சா, மறுபடி எந்திரிச்சு நடப்பாருன்னு என்னால சொல்ல முடியாது. மருந்தோட சில வாரம் பொறுக்கலாம். அதுக்குள்ள காலத் தேத்திக் கூட்டிட்டு வாங்க."

நெஞ்சு நோய்க்குக் காலைத் தேற்றிக் கொண்டுவரச் சொன்ன டாக்டரை ஊரில் யாரும் நம்பவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வேறு ஆஸ்பத்திரி பெயர் சொன்னார்கள். மாமியார்தான், "அவரு சொன்னதச் செய்வோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு மலையாளப் பெண் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெண் பெரிய கருவி ஒன்றும் கொண்டுவரவில்லை. நாற்காலியில் உட்கார வேண்டும், கை ஊன்றாமல் எழ வேண்டும், நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்த வேண்டும். முதலில் பலகைமேல் தலையணை போட்டு உயரமாக்கி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள். "அச்சா, கை வேண்டா, காலு மதி" என்று, கை வேண்டாம் கால் போதும் என்று, அவள் மலையாளத்தில் சொல்லும்போது மாமனார் சின்னப் பையன் மாதிரி தலையாட்டுவார். நிறுத்தியிருந்த முட்டை வெள்ளைக்கரு திரும்ப வந்தது. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, தயிர் எல்லாம் தட்டுக்குத் திரும்பின.

அவள் போனபின்தான் வம்பு. மாமனார் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்து, தோளால் உடம்பை மேலே தள்ளி எழுந்துவிடுவார். "எந்திரிச்சாச்சு" என்பார். மாமியார் அடுப்படியிலிருந்தே "கை" என்பார். அந்த ஒற்றை வார்த்தைதான், வேறு திட்டு கிடையாது. இவர் உட்கார்ந்து மறுபடி எழுவார், கை தானாகப் பிடிக்குப் போகும். "கை" என்று உள்ளேயிருந்து மறுபடி குரல் வரும். அதைவிடத் தொல்லை பார்க்க வருகிறவர்கள். அருமைக்காரர் முன்னால் சாய்ந்தாலே போதும், நாலு பக்கமிருந்தும் நாலு கை நீளும். மாமியார் வாசலிலேயே நின்று, "உக்காந்து பேசுங்க, காப்பி குடிங்க, ஆனா ஆரும் அவருக்குக் கை குடுக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. புருஷனுக்குக் கை கொடுக்காதே என்று சொல்கிற பொம்பளை என்று ஊரில் ஒரு பேச்சும் கிளம்பியது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் நாற்காலி கிடந்தது. பக்கத்தில் ஆசாரி, கையில் ரம்பம். கண்ணில் பயம். "ஏனுங்கம்மா, நல்ல தேக்குங்க. அருமைக்காரரு சேருங்க. இதப் போயி..." என்று இழுத்தார். "அறுங்க" என்றார் மாமியார். ஆசாரி என்னைப் பார்த்தார். அந்த நாற்காலியில் மாமனாரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. தூசு தட்டும்போதுகூட மாமியார் அதன் பின்னால் நின்றுதான் தட்டுவார். ரம்பம் இறங்கியபோது உள்ளே டிவி சத்தம் சட்டென்று நின்றது. மாமனார் வாசற்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அதற்குள் ஒரு கை கீழே விழுந்திருந்தது.

"கைய வெட்டிட்டயா?" என்றார்.

"ஆமாங்க. வெட்டியாச்சு. வந்து உக்காருங்க" என்றார் மாமியார்.

அன்றைக்கு முழுதும் அவர் நாற்காலிப் பக்கமே வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் நிஜமாகவே பயந்தேன். கோபத்தில் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் தலையில் விழும் என்று எங்கள் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமியார் கொஞ்சமும் அசையவில்லை. கொள்ளுப் பருப்பைக் கடைந்து, தட்டில் வைத்து மூடிவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மறுநாள் காலையில் நான் கூடம் பெருக்க வந்தபோது மாமனார் அதில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே கட்டி, பல்லைக் கடித்து, முன்னால் சாய்ந்தார். பாதியில் நின்று நடுங்கி, மறுபடி உட்கார்ந்தார். நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்ற மாமியார் கண்ணாலேயே என்னை நிறுத்தினார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் ஒருமுறை எழுந்தார், பிறகு சில முறை எழுந்தார், பிறகு தென்னந்தோப்பு வரைக்கும் நடந்துபோய் வந்தார். அடுத்த தடவை போனபோது டாக்டர் கையைக் கட்டி எழச் சொன்னதும், மாமனார் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இன்னொருக்கா வேணுங்களா?" என்று கேட்டார். ஆபரேஷன் நடந்தது. நெஞ்சில் தையலோடு கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கையை ஊன்றக்கூடாது என்று நர்ஸ் சொல்வதற்கு முன்பே இவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். அந்த நர்ஸ் திகைத்துப் போனதை மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சீர் செய்யத் திரும்பப் போனார். கை நீட்டுகிறவர்களிடம், "வேண்டாமுங்க, ஊட்டுல அடி விழுகும்" என்பார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் அத்தனை நாள் தன் கையைக் கவனித்துக் கவனித்து, மாமனாருக்கு மற்றவர்கள் கையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் கொல்லையில் கீரை ஆய்ந்துவிட்டு மாமியார் எழுந்தார். ஒரு கை தரையில், ஒரு கை மாடு கட்டும் கம்பத்தில். எழுந்ததும் கம்பத்தைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்று மூச்சு விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் எழுவார். தினமும் பார்க்கிற விஷயம். மாமனார் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இந்தா, இங்க வா" என்று கூப்பிட்டார். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார்.

"உங்க சேருலயாங்க? வேண்டாமுங்க."

"உக்காருன்னா உக்காரு."

மாமியார் என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே பலகையின் நுனியில் உட்கார்ந்தார். அவர் அறுக்கச் சொன்ன நாற்காலிதான், ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதில் உட்கார்ந்தார். "கையக் கட்டிக்கிட்டு எந்திரி" என்றார் மாமனார். மாமியார் முன்னால் சாய்ந்தார். எழ வரவில்லை. "சேலை தடுக்குதுங்க" என்று சிரித்தார். மறுபடி சாய்ந்தார். இரண்டு கைகளும் கட்டு விட்டு, பக்கத்தில் இல்லாத பிடிகளைத் துழாவின. சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடிக்கப் பார்த்தேன். "அம்மிணி, கை குடுக்காதே" என்றார் மாமனார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாள் முழுதும் வேலை செய்கிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். வேலை செய்ததென்னவோ உண்மை. ஆனால் வீட்டுக்குள் குழாய் வந்து குடம் தூக்குவது நின்று பல வருஷம், மாவரைக்கக் கிரைண்டர் வந்து பல வருஷம். அடுப்படிக்கும் கொட்டகைக்கும் நடப்பதுதான் மிச்சம். சாப்பாடு எல்லோரும் உண்டு முடித்தபின் நின்றபடியே ரசஞ்சோறு. மாமனார் தட்டுக்கு முட்டை வந்த காலத்தில் இவருக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, இவருக்கே தோன்றவில்லை. மாமனார் அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். அதே டாக்டர். மூச்சு வாங்குவது வயசு என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தது வயசு இல்லை, இதயம் சோர ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு அவரை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு தலைகீழானது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் மாமனார் சோற்றில் கை வைப்பார். மாமியாரின் தட்டில் முட்டையும் பருப்பும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தபின்தான் தன் தட்டைப் பார்ப்பார். காலையில் நாற்காலி மாமியாருக்கு. மாமனார் எதிரே கட்டிலில் உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி, அதன் மேல்வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமியாரின் விரல் ஒன்று தொடையில் பட்டால் போதும், "கை" என்று தாளுக்குப் பின்னாலிருந்து வரும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் புருஷனைப் பழிவாங்கிய பெண்டாட்டி, பெண்டாட்டியைப் பழிவாங்கிய புருஷன் என்று நான் கேலி செய்வேன். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் முன்பு கண்டதில்லை.

மாமனார் நல்லபடியாகச் சில வருஷம் இருந்துவிட்டு, போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார். வீடு கொள்ளாத கூட்டம். மாமியார் அவர் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். எடுக்கிற நேரம் வந்தபோது சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பக்கமும் வந்து அவர் கக்கத்தில் கை கொடுத்தார்கள். "உடுங்க" என்றார் மாமியார். துக்கத்தில் சொல்கிறார் என்று அவர்கள் விடவில்லை. "உடுங்கன்னேன். நானே எந்திரிக்கறேன்." கையை எடுத்தார்கள். ஒரு காலை மடக்கி ஊன்றினார். எங்கும் பிடிக்காமல், எதிலும் சாயாமல், மெல்ல மெல்ல நிமிர்ந்து நின்றார். நின்றதும் அவர் பார்த்தது மாமனார் முகத்தை. அந்த முகத்திலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. அந்த இடத்தில்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

கைப்பிடி வைத்துத் தருகிறேன் என்று அதே ஆசாரி இப்போதும் வரும்போதெல்லாம் சொல்கிறார். மாமியார் சம்மதிப்பதில்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார், தோப்பு வரைக்கும் போய் வருகிறார், முட்டையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடைத்தாள் கட்டோடு நான் கூடத்தில் வெகுநேரம் கீழே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. மாமியார் எழுந்து, "வா அம்மிணி, இதுல உக்காரு" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நானா, எனக்கென்ன என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். எப்போது கட்டு விட்டது என்று எனக்கே தெரியாது, பார்த்தால் உள்ளங்கை முழங்காலில் இருந்தது.

"கை" என்றார் மாமியார்.